134 தோல்விகள் யார் கணக்கில்?

154 ஆட்டம். 20 வெற்றி. 134 தோல்வி.

அமெரிக்க பேஸ்பாலில் "வரலாற்றிலேயே படுமோசமான டீம் எது?" என்று யார் பட்டியல் போட்டாலும், முதல் வரியில் வந்து உட்கார்ந்துகொள்வது 1899-ம் வருடத்து க்ளீவ்லேண்ட் ஸ்பைடர்ஸ் டீம்தான். மற்ற மோசமான டீம்களெல்லாம் இதன் பக்கத்தில்கூட வர முடியாது. 1962-ல் நியூயார்க் மெட்ஸ் 120 ஆட்டம் தோற்றது. 2003-ல் டெட்ராய்ட் டைகர்ஸ் 119. 2024-ல் சிகாகோ ஒயிட் சாக்ஸ் 121. ஆனால் இந்த மூன்று டீமும் குறைந்தபட்சம் 40 ஆட்டமாவது ஜெயித்தன. ஸ்பைடர்ஸ் ஜெயித்தது அதில் பாதி!

இதனால் ஸ்பைடர்ஸ் என்றாலே அங்கே ஒரு ஜோக். புத்தகங்களிலும் பத்திரிகைகளிலும் நூறு வருடத்துக்கும் மேலாக அந்த ஆட்டக்காரர்களைக் கிண்டல் செய்துகொண்டே இருக்கிறார்கள். எல்லாக் கிண்டலையும் படித்து முடித்தபின் ஒரு கேள்வி மட்டும் மிச்சம் இருக்கிறது. அந்த 134 தோல்விகளை யார் கணக்கில் எழுதுவது? ஆடியவர்கள் கணக்கிலா? ஆட விட்டவர்கள் கணக்கிலா?

இந்தக் கட்டுரையின் பதில், இரண்டாவது தரப்பின் கணக்கில்தான் என்பது. காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் பேஸ்பால் கணக்கு

கிரிக்கெட் மட்டும் பார்த்துப் பழகியவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். பேஸ்பாலில் ஏறக்குறைய தினமும் ஆட்டம் உண்டு. ஆறு மாத சீசனில் நூற்றைம்பது ஆட்டத்துக்கு மேல் ஆட வேண்டும். அதிர்ஷ்டத்துக்கும் இதில் நிறைய பங்கு. சாம்பியன் ஆகிற டீம்கூடப் பத்தில் நாலு ஆட்டம் தோற்கும். கடைசி இடத்தில் கிடக்கிற டீம்கூடப் பத்தில் மூன்று ஜெயித்துவிடும். எல்லா டீமிலும் ஆடுகிறவர்கள் தொழில்முறை ஆட்டக்காரர்கள் என்பதால் வித்தியாசம் அவ்வளவு பெரிதாக வராது.

ஸ்பைடர்ஸ் ஜெயித்தது நூற்றுக்கு 13. இப்படி ஒரு எண்ணிக்கை தானாக வராது. சாதாரண மட்டமான டீமாக இருந்து இதைச் சாதிக்கவே முடியாது. யாராவது மெனக்கெட்டு ஏற்பாடு செய்தால்தான் உண்டு. ஏற்பாடு செய்தார்கள்.

நல்லாத்தான் இருந்தது டீம்

பலருக்குத் தெரியாத விஷயம், 1890-களில் ஸ்பைடர்ஸ் ஒரு பலமான டீம். அப்போது அமெரிக்காவில் இருந்த ஒரே பெரிய லீக் நேஷனல் லீக். 12 டீம்கள். அதில் 1892-ல் சீசனின் இரண்டாம் பாதியை ஸ்பைடர்ஸ் ஜெயித்து, பாஸ்டனுடன் இறுதித் தொடர் ஆடியது. 1895-ல் பால்டிமோரைத் தோற்கடித்து டெம்பிள் கோப்பையை வாங்கியது. 1898-ல் 81 வெற்றி, 68 தோல்வி, ஐந்தாம் இடம். எந்த விதத்திலும் கேவலமான டீம் இல்லை.

ஆட்டக்காரர்களும் சாமானியப்பட்டவர்கள் இல்லை. சை யங் என்ற பிட்சர் (பந்து எறிகிறவர்) 1890-ல் இந்த டீமில்தான் பெரிய லீக் வாழ்க்கையை ஆரம்பித்தார். வாழ்நாளில் 511 வெற்றி. அந்தச் சாதனையை இன்றுவரை யாரும் நெருங்கவில்லை. வருடா வருடம் சிறந்த பிட்சருக்குக் கொடுக்கிற விருதுக்கே அவர் பெயர்தான். ஜெஸ்ஸி பர்கெட் 1895, 1896 என்று தொடர்ந்து இரண்டு வருடம் .400-க்கு மேல் சராசரி வைத்தவர். பாபி வாலஸ் இன்னொருவர். மூன்று பேருமே பின்னாளில் ஹால் ஆஃப் ஃபேமில் இடம் பிடித்தவர்கள்.

டீமின் முதலாளி ஃப்ராங்க் ராபிசன், கூட அவர் தம்பி ஸ்டான்லி. ஃப்ராங்குக்கு முக்கியத் தொழில் ட்ராம் வண்டி. 1891-ல் லீக் பார்க் என்ற மைதானத்தைக் கட்டியபோது அதைத் தன் ட்ராம் பாதை போகிற இடமாகப் பார்த்துக் கட்டினார். ஜனங்கள் ட்ராமில் ஏறினால் ஒரு காசு, மைதானத்துக்குள் நுழைந்தால் இன்னொரு காசு. சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்கார வியாபாரி!

இரண்டு கடை, ஒரே முதலாளி

ஆனால் க்ளீவ்லேண்டில் எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. அதற்கு ஒரு முக்கியக் காரணம் ஞாயிற்றுக்கிழமை. அன்றைய தொழிலாளிக்கு வாரத்தில் ஆறு நாள் வேலை. ஆட்டம் பார்க்கக் கிடைப்பது ஞாயிறு ஒன்றுதான். ஆனால் ஞாயிறன்று விளையாட்டு கூடாது என்று அங்கே சட்டம். 1897 மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆடிப் பார்த்தார்கள். போலீஸ் வந்து ஆட்டக்காரர்களைக் கைது செய்துகொண்டு போனது.

ராபிசன் கோபித்துக்கொண்டார். 1898-ல் க்ளீவ்லேண்டில் நடக்க வேண்டிய பல ஆட்டங்களை வெளியூருக்கு மாற்றினார். உள்ளூர் ரசிகர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

இந்த நேரத்தில் செயின்ட் லூயிஸில் இன்னொரு கதை ஓடிக்கொண்டிருந்தது. அங்கே ப்ரவுன்ஸ் என்று ஒரு டீம். ஓனர் கிறிஸ் வான் டெர் ஆ, மதுக்கடை நடத்திப் பணக்காரரானவர். 1898 ஏப்ரலில் அவருடைய மைதானம் தீப்பிடித்து எரிந்தது. அந்த வருடம் டீம் 111 ஆட்டம் தோற்று கடைசி இடத்துக்குப் போனது. கடன், வழக்கு, கடைசியில் ஏலம். 1899 ஆரம்பத்தில் அந்த டீம் ராபிசன் சகோதரர்கள் கைக்கு வந்து சேர்ந்தது.

ஒரே லீக், இரண்டு டீம், ஒரே முதலாளி. லீக் தடுத்ததா? இல்லை. அப்போது அதைத் தடுக்க லீகுக்கு மனமும் இல்லை.

செயின்ட் லூயிஸ் பெரிய ஊர். 1900 கணக்கெடுப்பில் அமெரிக்காவின் நாலாவது பெரிய நகரம், மக்கள் தொகை ஐந்தே முக்கால் லட்சம். க்ளீவ்லேண்டில் நாலு லட்சத்துக்கும் குறைவு. அதோடு செயின்ட் லூயிஸில் ஞாயிற்றுக்கிழமை ஆடலாம். ராபிசன் கணக்குப் போட்டார். நல்ல சரக்கையெல்லாம் நல்ல கடையில் வைத்தார்.

சை யங், பர்கெட், வாலஸ், மேனேஜர் பாட்ஸி டெபோ உட்பட க்ளீவ்லேண்டின் முக்கிய ஆட்டக்காரர்கள் எல்லாரும் செயின்ட் லூயிஸுக்கு மாற்றப்பட்டார்கள். பதிலுக்கு, முந்தின வருடம் 111 ஆட்டம் தோற்ற டீமிலிருந்து பலர் க்ளீவ்லேண்டுக்கு வந்தார்கள். செயின்ட் லூயிஸ் டீமுக்குப் புதுப் பெயரும் வைத்தார்கள்: பெர்ஃபெக்டோஸ். (குறையே இல்லாதவர்கள் என்கிற மாதிரி!) க்ளீவ்லேண்ட் டீமை ஒரு பக்கக் கடை மாதிரி நடத்தப் போவதாக ஸ்டான்லி ராபிசன் வெளிப்படையாகவே சொன்னார்.

ஆட்டக்காரர்களுக்கு இதில் வாயே கிடையாது. 'ரிசர்வ்' விதி என்று ஒன்று 1879-லிருந்து இருந்தது. ஒரு டீம் தன் ஆட்டக்காரரை வருடக்கணக்கில் பிடித்து வைத்துக்கொள்ளலாம். அவர் வேறு டீமுக்குத் தானாகப் போக முடியாது. முதலாளி அனுப்புகிற ஊருக்குப் போக வேண்டியதுதான், இல்லையென்றால் ஆட்டத்தையே விட்டுவிட வேண்டியதுதான்.

எண்டிட்டி கான்செப்ட்

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு முதல் வருடம் முதல் வாரத்திலேயே ஒரு விஷயம் சொல்லிக்கொடுப்பார்கள். தொழில் வேறு, முதலாளி வேறு. கடையின் பணம் முதலாளியின் பணம் அல்ல. எடுத்தால் 'ட்ராயிங்ஸ்' என்று எழுத வேண்டும். ஒரே ஆளுக்கு இரண்டு தொழில் இருந்தால் இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சொத்து மாறினால், மூன்றாம் மனிதருக்கு விற்றால் என்ன விலை வருமோ அந்த விலையில் மாற வேண்டும். இல்லாவிட்டால் ஆடிட்டர் கேள்வி கேட்பார்.

1899-ல் நடந்ததை இந்தக் கண்ணாடி வழியாகப் பாருங்கள். சை யங்கை ராபிசன் வேறொரு ஓனருக்கு விற்றிருந்தால் க்ளீவ்லேண்டுக்கு நல்ல பணமோ நல்ல ஆட்டக்காரர்களோ வந்திருப்பார்கள். இங்கே வாங்குகிறவரும் அவரே, விற்கிறவரும் அவரே. இடது பாக்கெட்டிலிருந்து வலது பாக்கெட்டுக்கு மாற்றிக்கொண்டார். ராபிசனுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. நஷ்டம் முழுக்க க்ளீவ்லேண்ட் என்ற 'எண்டிட்டி'க்கு. அதாவது அந்த டீமுக்கும், அதில் மிச்சம் நின்றவர்களுக்கும், அதை நம்பின ஊருக்கும்.

சாதாரணத் தொழிலில் இப்படிக் காலி செய்யப்பட்ட கடையை மூடிவிடுவார்கள். ஸ்பைடர்ஸை மூடவும் இல்லை. 154 ஆட்ட அட்டவணை கையில் இருக்கிறதே! பொம்மைக் கடை மாதிரி, ஷட்டரைத் திறந்து வைத்து, தினமும் தோற்கிறதற்காகவே ஆட அனுப்பினார்கள்.

அந்த ஆறு மாதம்

1899 ஏப்ரல் 15. சீசனின் முதல் ஆட்டம். க்ளீவ்லேண்ட் யாரோடு ஆடியது தெரியுமா? செயின்ட் லூயிஸோடு, செயின்ட் லூயிஸிலேயே. எதிரில் நின்று பந்து எறிந்தவர் சை யங்! 10-1 என்று செயின்ட் லூயிஸ் ஜெயித்தது. அந்த வருடம் எப்படிப் போகப் போகிறது என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது.

மே 1-ம் தேதி க்ளீவ்லேண்டில் முதல் ஆட்ட நாள். ஒரே நாளில் இரண்டு ஆட்டம் வைத்தும் ஐந்நூறு பேர்கூட வரவில்லை.

லேவ் கிராஸ் என்பவர் மேனேஜராகவும் ஆட்டக்காரராகவும் இருந்தார். நல்ல ஆட்டக்காரர். அவர் தலைமையில் 38 ஆட்டத்தில் 8 வெற்றி, 30 தோல்வி. மோசம்தான், ஆனாலும் அந்த வேகத்தில் போயிருந்தால் முப்பது வெற்றியைத் தாண்டியிருக்கும். ஜூன் மாதம் என்ன நடந்தது? க்ளீவ்லேண்டில் மிச்சம் இருந்த ஒன்றிரண்டு நல்ல ஆட்களில் அவரும் ஒருவர் என்பதால் அவரையும் செயின்ட் லூயிஸுக்கு இழுத்துக்கொண்டார்கள். பிட்சர் வில்லி சுதாஃபும் அதே மாதம் அதே வழியில் போனார். காலியான வீட்டுக்குத் திரும்பி வந்து, சுவரில் மிச்சம் இருந்த ஆணியையும் பிடுங்கிக்கொண்டு போன கதை.

அடுத்து மேனேஜர் ஆனவர் ஜோ க்வின். ஆஸ்திரேலியாவில் பிறந்து அமெரிக்கப் பெரிய லீகில் ஆடிய முதல் மனிதர். சீசன் இல்லாத மாதங்களில் அவர் பார்த்த தொழில் சவ அடக்கம்! (விதியின் கிண்டலைப் பாருங்கள்.) அவர் பொறுப்பில் 116 ஆட்டம், 12 வெற்றி, 104 தோல்வி.

வெளியூர் டீம்கள் க்ளீவ்லேண்டுக்கு வர மறுத்தன. காரணம் எளிது. வருகிற டீமுக்கு டிக்கெட் வசூலில் ஒரு பங்கு உண்டு. நூற்றுச் சொச்சம் பேர் வருகிற ஆட்டத்தில் அந்தப் பங்கை வைத்து ரயில் டிக்கெட்டும் எடுக்க முடியாது, ஹோட்டல் வாடகையும் கொடுக்க முடியாது. ஆகவே சீசனின் பிற்பகுதி முழுக்க ஸ்பைடர்ஸ் ரயிலிலேயே குடித்தனம். சொந்த ஊரில் 42 ஆட்டம், வெளியூரில் 112. வெளியூரில் மட்டும் 101 தோல்வி. இந்தச் சாதனையை இனி யாரும் முறியடிக்கவே முடியாது. இன்றைய அட்டவணையில் ஒரு டீம் வெளியூரில் ஆடுவதே மொத்தம் 81 ஆட்டம்தான்.

பத்திரிகைக்காரர்கள் 'ஸ்பைடர்ஸ்' என்று எழுதுவதையே குறைத்துக்கொண்டார்கள். 'எக்ஸைல்ஸ்' (ஊரை விட்டுத் துரத்தப்பட்டவர்கள்), 'மிஸ்ஃபிட்ஸ்' (எங்கும் பொருந்தாதவர்கள்), 'வாண்டரர்ஸ்' (நாடோடிகள்) என்று புதுப் புதுப் பெயர்.

ஆகஸ்ட் கடைசியிலிருந்து தொடர்ந்து 24 தோல்வி. நேஷனல் லீகில் இன்றுவரை அதுதான் மிக நீளமான தோல்வித் தொடர். நடுவில் ஒரே ஒரு வெற்றி. பிறகு சீசன் முடிகிறவரை 16 தோல்வி. அதாவது கடைசி 41 ஆட்டத்தில் 40 தோல்வி. வருடம் முழுக்க எடுத்த ரன் 529, கொடுத்த ரன் 1,252. பிட்சர் ஜிம் ஹ்யூயிக்கு 4 வெற்றி, 30 தோல்வி. அதற்குப் பிறகு எந்தப் பெரிய லீக் பிட்சரும் ஒரே சீசனில் 30 ஆட்டம் தோற்றதில்லை. ஃப்ராங்க் பேட்ஸ் என்பவருக்கு 1 வெற்றி, 18 தோல்வி.

அக்டோபர் 15. கடைசி நாள், சின்சினாட்டியில். கடைசி ஆட்டத்தில் பந்து எறிய ஸ்பைடர்ஸ் அனுப்பியது எடி கோல்ப் என்ற பதின்ம வயதுப் பையனை. ஹோட்டலில் சுருட்டுக் கடையில் வேலை பார்த்தவன். 19-3 என்று தோல்வி. பெரிய லீகில் அந்தப் பையன் ஆடிய ஒரே ஆட்டம் அது.

முதலிடம் வந்த ப்ரூக்ளினைவிட ஸ்பைடர்ஸ் 84 ஆட்டம் பின்தங்கி இருந்தது. பதினோராம் இடத்து வாஷிங்டனைவிடவே 35 ஆட்டம் பின்னால்!

இதில் ஒன்றை யாரும் சொல்வதில்லை. ஆட்டக்காரர்கள் அத்தனை ஆட்டத்தையும் ஆடி முடித்தார்கள். ஹ்யூயி முப்பதாவது தோல்விக்கும் கையைச் சுழற்றித்தான் பந்து எறிந்தார். க்வின் 104 தோல்விக்கும் மைதானத்தில் நின்றார். ஜெயிக்க வழியே இல்லாத வேலையைத் தினமும் போய்ச் செய்துவிட்டு வருவது எவ்வளவு கஷ்டம் என்று, ஜோக் அடிக்கிறவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.

"ஜனங்களே வரலையே, அவர் என்ன செய்வார்?"

ராபிசன் தரப்பில் பேசுகிறவர்களும் உண்டு. அவர்கள் வாதத்தைத் தட்டிக்கழிக்கக் கூடாது. பணம் அவருடையது. ரிஸ்க் அவருடையது. நல்ல டீம் இருந்தபோதே க்ளீவ்லேண்ட் ஜனங்கள் வரவில்லை. வராத ஊரில் ஏன் பணத்தைக் கொட்ட வேண்டும்? லாபம் வருகிற இடத்துக்குச் சரக்கை மாற்றுவது வியாபார தர்மம்தானே?

பாதி நியாயம். ஊர் பிடிக்கவில்லையென்றால் டீமை விற்றிருக்கலாம். இல்லை, வேறு ஊருக்கே மாற்றக் கேட்டிருக்கலாம். இரண்டுமே நேர்மையான வழி. ஆனால் அவர் டீமை வைத்துக்கொண்டே, அதன் லீக் இடத்தையும் வைத்துக்கொண்டே, உள்ளே இருந்ததை மட்டும் உருவினார்.

இன்னொன்று. ஒரு துணிக்கடை முதலாளி தன் ஒரு கிளையைக் காலி செய்தால் பக்கத்துக் கடைக்காரருக்கு லாபம். விளையாட்டு அப்படி இல்லை. ஒரு டீம் தனியாக எதையும் விற்க முடியாது. எதிரில் இன்னொரு டீம் உண்மையாக ஆடினால்தான் 'ஆட்டம்' என்ற பொருளே உற்பத்தியாகும். ரசிகர் காசு கொடுப்பது 'யார் ஜெயிப்பார்கள் என்று தெரியாது' என்பதற்காகத்தான். ஸ்பைடர்ஸ் ஆடிய ஆட்டங்களில் அது இல்லை. ஆக, ராபிசன் கெடுத்தது தன் சொந்தச் சரக்கை மட்டும் அல்ல, மற்ற பதினோரு ஊர்களிலும் விற்ற சரக்கையும் சேர்த்துத்தான்.

1899-ல் க்ளீவ்லேண்டில் 42 ஆட்டத்துக்கும் சேர்த்து வந்தவர்கள் 6,088 பேர். சராசரி 145. "ரசிகர்கள் கைவிட்டுவிட்டார்கள்" என்று இதை எழுதுகிறார்கள். அந்த ஊர் ஜனங்கள் செய்தது ரொம்பச் சரி. போலிச் சரக்கு என்று தெரிந்த பிறகும் காசு கொடுத்து வாங்க அவர்களுக்கு என்ன தலையெழுத்தா?

சரி, இவ்வளவு பாவத்தைக் கட்டிக்கொண்டு ராபிசன் சாதித்தது என்ன? சை யங், பர்கெட், வாலஸ் எல்லாரையும் சேர்த்து வைத்த 'குறையே இல்லாத' செயின்ட் லூயிஸ் 84 வெற்றி, 67 தோல்வியோடு பிடித்த இடம் ஐந்தாவது. முந்தின வருடம் க்ளீவ்லேண்ட் பிடித்த அதே ஐந்தாவது! ஒரு ஊரின் ஐந்தாம் இடத்தை ரயிலில் ஏற்றி இன்னொரு ஊருக்கு அனுப்பியதற்காகத்தான் இத்தனை கூத்தும். வசூல் கூடியது வாஸ்தவம். கோப்பை வரவில்லை.

பால்டிமோர் கேஸ்

இங்கே ஒரு நல்ல எதிர்க்கேள்வி வரும். அதே 1899-ல் அதே மாதிரி இன்னொரு ஏற்பாடும் இருந்தது. ப்ரூக்ளின், பால்டிமோர் இரண்டு டீமும் ஒரே கூட்டத்தின் கையில். நெட் ஹான்லன் ப்ரூக்ளினுக்கு மேனேஜர், அதே நேரத்தில் பால்டிமோருக்குத் தலைவர்! வில்லி கீலர், ஜோ கெல்லி, ஹ்யூயி ஜென்னிங்ஸ் என்று பால்டிமோரின் பெரிய தலைகள் ப்ரூக்ளினுக்குப் போனார்கள். ப்ரூக்ளின் 101 ஆட்டம் ஜெயித்து சாம்பியன் ஆனது.

ஆனால் பால்டிமோர் சுருண்டு விழவில்லை. ஜான் மெக்ராவும் வில்பர்ட் ராபின்சனும் ஊரை விட்டுப் போக மறுத்து அங்கேயே நின்றார்கள். 26 வயது மெக்ரா மேனேஜராகவும் ஆட்டக்காரராகவும் இருந்து 86 ஆட்டம் ஜெயித்துக் காட்டினார். நாலாம் இடம். அப்படியானால் ஸ்பைடர்ஸும் மனது வைத்திருந்தால் போராடியிருக்கலாமே?

இல்லை. பால்டிமோரில் மெக்ரா, ராபின்சன் மட்டுமல்ல, ஜோ மெக்கின்னிட்டி போன்ற முதல் தரப் புதுப் பிட்சரும் இருந்தார். அங்கே பாதிதான் உருவினார்கள். க்ளீவ்லேண்டில் முழுக்க. சீசன் நடுவிலும் உருவினார்கள்.

அதைவிட முக்கியமான விஷயம் அடுத்து நடந்தது. 1899 சீசன் முடிந்ததும் நேஷனல் லீக் 12 டீமை எட்டாகக் குறைத்தது. வெளியேற்றப்பட்ட நாலு டீம்: க்ளீவ்லேண்ட், லூயிவில், வாஷிங்டன்... பால்டிமோர்! லூயிவில் ஓனர் பார்னி ட்ரைஃபஸ் பிட்ஸ்பர்க் டீமில் பங்கு வாங்கி, ஹோனஸ் வாக்னர் உட்பட நல்ல ஆட்களைக் கூடவே கொண்டுபோனார்.

134 ஆட்டம் தோற்ற டீமுக்கும் மூடுவிழா. 86 ஆட்டம் ஜெயித்த டீமுக்கும் மூடுவிழா. மைதானத்தில் எப்படி ஆடினார்கள் என்பதற்கும் கடை திறந்திருக்குமா என்பதற்கும் சம்பந்தமே இல்லை என்று லீகே ஒப்புக்கொண்ட மாதிரிதான். பின் எந்த முகத்தோடு ஸ்பைடர்ஸ் ஆட்டக்காரர்களைக் குறை சொல்வது?

அப்புறம் நடந்தது

காலி இடத்தை விட்டால் எதிராளி வந்து உட்காருவார். பான் ஜான்சன் என்பவர் நடத்திய வெஸ்டர்ன் லீக், அமெரிக்கன் லீக் என்று பெயர் மாற்றிக்கொண்டு 1900-லேயே க்ளீவ்லேண்டில் டீம் இறக்கியது, அதே லீக் பார்க்கில். 1901-ல் 'நாங்களும் பெரிய லீக்தான்' என்று அறிவித்துக்கொண்டு, நேஷனல் லீக் கைவிட்ட க்ளீவ்லேண்ட், பால்டிமோர், வாஷிங்டன் மூன்று ஊரிலும் டீம் வைத்தது. அந்த வருடம் சை யங் செயின்ட் லூயிஸை விட்டு அமெரிக்கன் லீகின் பாஸ்டன் டீமுக்குப் போனார். 1903-ல் நடந்த முதல் உலகத் தொடரில் பாஸ்டனுக்காக முதல் பந்தை எறிந்தவர் அவர்தான். பாஸ்டன் நேஷனல் லீக் சாம்பியனைத் தோற்கடித்தது.

ஆக, கூட்டம் வராத ஊர் என்று ராபிசன் முத்திரை குத்திய க்ளீவ்லேண்டில் 1901-லிருந்து இன்றுவரை பெரிய லீக் பேஸ்பால் ஒரு வருடம்கூட நிற்கவில்லை. இன்று அந்த டீமின் பெயர் கார்டியன்ஸ். 1920-ல் அது முதல் முறையாக உலகத் தொடரை ஜெயித்தது, ராபிசன் லீக் பார்க் கட்டிய அதே இடத்தில். தோற்ற டீம் எது? ப்ரூக்ளின்! ஊர் மேல் தப்பில்லை என்பதற்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

பாடம் படித்தார்களா?

படித்தார்கள், கொஞ்சம். ஒரே ஆள் இரண்டு பெரிய லீக் டீம்களில் பங்கு வைத்துக்கொள்ள இன்றைய விதிகள் அனுமதிப்பதில்லை. அந்த விதிக்குப் பின்னால் இருப்பது 1899-ன் அனுபவம்.

ஆனால் நூறு வருடம் கழித்து அதே வாசனை திரும்ப அடித்தது. 2001 கடைசியில் லீக் இரண்டு டீம்களை மூடப் பார்த்தது. முடியவில்லை. 2002-ல் மான்ட்ரியல் எக்ஸ்போஸ் டீமை லீகே வாங்கிக்கொண்டது. அதாவது மற்ற 29 டீம் ஓனர்களும் சேர்ந்து, தங்களோடு மோதுகிற முப்பதாவது டீமுக்கு முதலாளி! 2003-ல் எக்ஸ்போஸின் 22 'சொந்த ஊர்' ஆட்டங்களை ப்யூர்டோ ரிக்கோவில் ஆட வைத்தார்கள். அந்த ஆகஸ்ட் கடைசியில் டீம் ப்ளே-ஆஃப் போட்டியில் இருந்தது. செப்டம்பரில் எல்லா டீமும் சின்ன லீகிலிருந்து கூடுதல் ஆட்களை அழைத்துக்கொள்ளும். எக்ஸ்போஸுக்கு மட்டும் அதற்குப் பணம் ஒதுக்க மறுத்தார்கள். யார் மறுத்தது? போட்டியில் இருந்த மற்ற டீம்களின் ஓனர்கள். 2005-ல் டீம் மான்ட்ரியலை விட்டே போய், வாஷிங்டன் நேஷனல்ஸ் ஆனது.

எக்ஸ்போஸ் 134 ஆட்டம் தோற்கவில்லை. ஆனாலும் கேள்வி அதேதான். உன் டீம் தோற்பதில் உன் முதலாளிக்கு லாபம் இருந்தால், நீ ஆடுவதற்குப் பெயர் என்ன?

முடிவாக

பேஸ்பால் ரெக்கார்டு புத்தகத்தில் தோல்விகளை டீம் பெயரிலும் பிட்சர் பெயரிலும் எழுதுவார்கள். ஓனர் பெயரில் எழுத அதில் கட்டமே கிடையாது. அதனால்தான் ஜிம் ஹ்யூயிக்கு 30 தோல்வி, ஜோ க்வினுக்கு 104 தோல்வி, ஃப்ராங்க் ராபிசனுக்கு ஒன்றுமே இல்லை.

ஸ்பைடர்ஸை 'படுமோசமான டீம்' என்று சொல்ல வேண்டாம் என்பதல்ல வாதம். மோசமாகத்தான் ஆடினார்கள், எண்ணிக்கை பொய் சொல்லாது. ஆனால் எந்தக் கணக்கையும் முழுசாக எழுத வேண்டும். வரவை ஒரு பக்கமும் செலவை இன்னொரு பக்கமும் எழுதுகிற மாதிரி, இந்தத் தோல்விகளால் யாருக்கு வரவு, யாருக்கு செலவு என்பதையும் எழுத வேண்டும். வரவு ராபிசனுக்கு. செலவு ஆடியவர்களுக்கும் அந்த ஊருக்கும்.

அடுத்த முறை ஏதாவது 'டாப் டென் மோசமான டீம்கள்' பட்டியலில் க்ளீவ்லேண்ட் ஸ்பைடர்ஸ் பெயரைப் பார்த்தால், சிரித்துவிட்டுப் போங்கள், தப்பில்லை. கூடவே அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு பெயரையும் எழுதிவிட்டுப் போங்கள்.

ராபிசன்.